விசிட்டிங் அண்ணனின் கார்டுகள்

தான் யாரென்று ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொல்லாமல் நாற்பது வயதைத் தாண்டிய மனிதர் கள்ளக்குறிச்சியிலேயே ஒருவர்தான். எங்கள் பக்கத்து வீட்டு 'விசிட்டிங்'. "நீங்க யாரு?" என்று யார் கேட்டாலும் சட்டைப் பைக்குள் கை போகும். ஒரு விசிட்டிங் கார்டு வரும்.

எல்லாம் வீட்டுத் தயாரிப்பு. பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டாக வெட்டுவார். சைக்கிள் டியூபில் பிளேடால் எழுத்துகளைச் செதுக்கி, கட்டையில் ஒட்டி, மையில் தொட்டுக் குத்துவார். முதல் முறை எழுத்தெல்லாம் இடவலம் மாறி விழுந்தது. மனிதர் அசரவில்லை. கார்டோடு ஒரு கைக்கண்ணாடியையும் சேர்த்து நீட்டினார்.

அதைச் சரிசெய்த பிறகும் குழப்பம் தீரவில்லை. முன்பக்கம் அவர் பெயர், கீழே 'ஆலோசகர்'. பின்பக்கம் யார் கல்யாணத்திலிருந்தோ வெட்டுப்பட்ட 'சுற்றமும் நட்பும் சூழ'.

"எதுக்குண்ணே ஆலோசகர்?" என்று கேட்டேன்.

"இன்னா கேக்கறாங்களோ அதுக்கு."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"கார்டே இப்பதான காஞ்சிக்கினு கீது!"

இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்த சமயம் அது. மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் மனைவிக்குப் பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சேலத்துக்குக் கொண்டு போங்கள் என்று ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் பிறந்த வீடு மலைமேல் கரியாலூரில். பஸ் ஓடாததால் அங்கிருந்து யாரும் இறங்க முடியவில்லை. வாடகை ஜீப் ஒன்றைப் பிடித்தேன். கூப்பிடாமலே விசிட்டிங் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சட்டைப் பை புடைத்திருந்தது.

முதல் மரத்தில் இறங்கி, மறித்து நின்றவர்களுக்கு ஆளுக்கொரு கார்டு கொடுத்தார்.

"ஆலோசகர்னு போட்டுகீது. போலீசுக்கு யோசனை சொல்ற ஆளா?" என்றார் ஒருவர்.

பின்பக்கத்தைப் பார்த்த இன்னொருவர், "இல்லப்பா, கல்யாணத்துக்குக் கூப்ட வந்துகீறாரு. பொண்ணு எந்த ஊருங்க?" என்றார்.

விசிட்டிங் விளக்க ஆரம்பித்தார். விளக்க விளக்க, கல்யாணம் யாருக்கு என்று கேட்பவர்கள்தான் ஜாஸ்தியானார்கள். என் மனைவி போட்ட அலறலில்தான் கூட்டம் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தது.

"அடப்பாவி, புள்ளத்தாச்சி! மொதல்ல இத்தச் சொல்றதுக்கு இன்னாய்யா?" என்று அதட்டியபடி எல்லோருமாய்ச் சேர்ந்து மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள்.

அடுத்த மரத்திலும் அவர் முதலில் நீட்டியது கார்டைத்தான். அதற்கடுத்த மரத்திலும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நீங்க சும்மா இருங்க, அண்ணன் பாத்துக்கும்" என்று வலிக்கு நடுவே என்னை அடக்கினாள் மனைவி.

எப்படியோ சேலம் போய்ச் சேர்ந்தோம். ஆபரேஷன். மருந்து வாங்க ஓடிய நான் திரும்பி வந்தபோது, நர்ஸ் துணியில் சுற்றிய பெண் குழந்தையோடு கதவருகே நின்றிருந்தார். எதிரே விசிட்டிங்.

"நீங்க யாருங்க?"

கை பைக்குள் போனது. ஒன்றுகூட மிச்சமில்லை. இடுப்பு வேட்டியைத் தடவினார், மறுபடி பையைத் தடவினார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

"மாமனுங்க" என்றார்.