சந்தனம் பூசிய ரிவோல்வர்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கியிருக்கிறேன். அதையும் கடைச் சுவரிலிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வாங்கினேன். இதை வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று பின்னால் வரப்போவதால், சின்னதை முதலில் சொல்லித் தொலைக்கிறேன்.

அப்போது நான் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் சின்னத்துரை. (உதவி முகாமையாளர் என்று நியமனக் கடிதத்தில் இருக்கும். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.) அப்பாவும் அம்மாவும் பக்கத்துத் தோட்டத்தில் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். தொழிலாளர் லயக் காம்பராவில் பிறந்தவன் சின்னத்துரை பங்களாவில் குடியேறினால் அவன் கால் தரையில் படுமா? எனக்குப் படவில்லை. கடுகண்ணாவைக் கணவாயைக்கூடக் கடக்காத காலத்திலேயே இங்கிலாந்தில் படித்தவன்போல இருமப் பழகியிருந்தேன்.

அந்த வட்டாரத்துத் துரைமார் வருடத்துக்கு ஒருமுறை ரிவோல்வர் சுடும் போட்டி வைப்பார்கள். ஒரு தோட்டத்துக்கு இரண்டு பேர். எங்கள் முகாமையாளரான பெரிய துரை சிங்களவர், ஆனால் எங்கள் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார். அவரோடு ஜோடியாகச் சுட்டவர் மாற்றலாகிப் போனதும் என்னைக் கூப்பிட்டார். “நீங்க வாங்க, லைசன்சுக்கு நான் கடிதம் தர்றேன்” என்றார். எனக்குக் கோப்பைகூட இரண்டாம் பட்சம்தான். அந்த மைதானத்தில் துரைமாரோடு துரையாக நிற்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பல அரசாங்கக் கந்தோர்கள் ஏறி இறங்கி, லைசன்ஸ் கைக்கு வந்து, கொழும்பில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒல்லியான மனிதர். எவ்வளவு தூரத்திலிருந்து சுடுவீர்கள், கையைக் காட்டுங்கள், விரல் எவ்வளவு நீளம் என்று தையல்காரர்போல விசாரித்தார். பிறகு மங்கலான கறுப்பு நிறத்தில் ஒரு ரிவோல்வரை எடுத்து வைத்தார். வெறுமனே விசையை இழுத்துப் பாருங்கள், இழுக்கும்போது முனை ஆடாமல் இருக்கிறதா, பின்பக்கக் குறியைத் திருகி ஏற்றி இறக்கலாம், போட்டிக்கு இது போதும் என்றார். நல்ல யோசனை. என் கண்ணோ பக்கத்துத் தட்டில் வெள்ளியாக மின்னிய நீளக் குழாய்க்காரன் மேல் இருந்தது. அதைத் தூக்கினால் அம்மிக் குழவியைத் தூக்கிய மாதிரி மணிக்கட்டு கீழே போயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடியில் நின்றவன் சின்னத்துரை இல்லை, பெரிய துரைக்கும் மேலே ஒருவன்.

தோட்டா வாங்கும்போதும் அதே கூத்து. கடைக்காரர் மருந்து குறைந்த, தலை தட்டையான தோட்டாக்களைக் காட்டினார். கை அதிராது, காகிதக் குறியில் பட்டால் கந்தோரில் துளை போடும் கருவி போட்ட மாதிரி சுத்தமான வட்டம் விழும், புள்ளி பார்ப்பவருக்கும் தொல்லையில்லை என்றார். எனக்கு அவை தேய்ந்த பென்சில் துண்டுகள்போலத் தெரிந்தன. முனை உருண்ட, இருப்பதிலேயே பலமான சாதியைக் கேட்டேன். எதைச் சுடப் போகிறீர்கள் என்று கேட்டார். காகிதத்தை என்றேன். பில் புத்தகத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

பயிற்சியில் ஒவ்வொரு வெடிக்கும் முன்னாலேயே என் கண் இரண்டும் மூடிக்கொண்டன. தோட்டாவை மாற்றிப் பாருங்கள் என்று பெரிய துரை பக்குவமாகச் சொன்னார். பழகிவிட்டது சேர் என்றேன். (பழகியது கண் மூடுவதற்கு.)

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை. தோட்டத்தில் அன்றைக்குப் பால்வெட்டும் கத்தியிலிருந்து பெக்டரி ரோலர் வரைக்கும் சந்தனம், குங்குமம்தான். பெக்டரி பூஜையில் எனக்கு மாலை போட்டார்கள். மாலையோடு பங்களாவுக்கு வந்தவனுக்கு ஒரு எண்ணம் உதித்தது. கத்தியும் லொறியும் ஆயுதம் என்றால், இந்தத் தோட்டத்தில் நிஜமான ஆயுதம் வைத்திருப்பவன் நானல்லவா? பெட்டியைத் திறந்து ரிவோல்வரை எடுத்து, தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். குழாயில் ஒரு பொட்டு வைத்தேன். அது தனியாக நிற்பது பாவமாக இருந்தது. தோட்டா போடும் உருளையைத் திறந்து, ஆறு துளைக்கும் ஆறு பொட்டு வைத்தேன். நடுவிலே நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு இருந்தது. சுட்டு முடித்தபின் வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளுவது அதுதான். அழகாக இருக்கிறதே என்று அதற்குத் தாராளமாகவே அப்பினேன். பிறகு பெட்டியிலிருந்த தோட்டாக்களைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டு.

அப்போதுதான் என் மனைவி நிரோஷா உள்ளே வந்தாள். அவள் டீச்சர். டவுன் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்கிறாள்.

“என்னங்க இது? லொறிக்காரரு பொட்ட பொனட்டுலதான வைக்கிறாரு, எஞ்சினுக்குள்ளயா ஊத்துறாரு? பெட்டி மேல ஒண்ணு வச்சா போதும். இத தொடச்சிருங்க.”

இதெல்லாம் உனக்கு விளங்காது என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். சனிக்கிழமை துடைக்கலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை முழுக்க மழை, மலையில் வேலை. ஞாயிறு காலை வெளிப்புறத்தை மட்டும் ஒரு துணியால் தேய்த்தேன், தோட்டாக்களையும் கையாலேயே வழித்தேன். வெளிப்புறம் பளபளவென்று இருந்தது. அது போதாதா எனக்கு?

போட்டி யட்டியாந்தோட்டைப் பக்கம், கல்லுடைத்துக் கைவிட்ட ஒரு பழைய குழியில். கயிற்றுக்குப் பின்னால் கூடாரம், துரைமாரின் குடும்பங்கள், தேநீர்ப் பிளாஸ்குகள். நானும் பெரிய துரையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். போட்டியை நடத்தியவர் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டா போடச் சொன்னார். என் தோட்டாக்கள் உள்ளே முழுதாக இறங்கவில்லை. பெருவிரலால் அழுத்தினேன். உருளையை முழங்காலில் வைத்துத் தள்ளாத குறையாக மூடினேன். சுடச் சொன்னதும் சுற்றிலும் வெடி. என் பக்கம் மட்டும் சத்தமில்லை. விசையை இரண்டு விரலால் இழுத்தேன், உருளை அசையவில்லை. வேறு வழியில்லாமல், உதவி கேட்டு இடது கையைத் தூக்கினேன்.

போட்டி நடத்தியவர் வந்து, முனையை மண்மேட்டுப் பக்கமே பிடிக்கச் சொல்லிவிட்டு, உருளையை மெல்லத் திறந்து தோட்டாக்களைத் தட்டிக் கொட்டினார். நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் நகத்தை விட்டுச் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து கட்டியாக வந்தது. மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம் என்று சிங்களத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். கூடாரம் சிரித்தது.

“கவுத மேக்க கெருவே?” என்று கேட்டார். (யார் இதைச் செய்தது?)

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்களின் வழக்கம் சேர், நான்தான் அளவு தெரியாமல் அப்பிவிட்டேன் என்றால், இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் கூடாரம் முழுக்க என்னையே பார்த்தது. நான் அங்கே துரையாக நிற்க வந்தவன். அதனால் என்னிடமிருந்த மிகச் சிறந்த சிங்களத்தில் சொன்னேன்: என் மனைவிதான், அவளுக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் அதிகம், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

நிரோஷா பத்தடி தள்ளிக் கயிற்றோரம் பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். போட்டி நடத்தியவர் அவள் பக்கம் திரும்பி, அப்படியா டீச்சர் என்று மரியாதையாகக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என்னுடையதைவிடச் சுத்தமான சிங்களத்தில், ஆமாம் சேர், நான்தான் வைத்தேன், மன்னிக்க வேண்டும் என்றாள். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, இதனால் சுரண்டினால் வரும் என்று நீட்டினாள். அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

கொண்டை ஊசி வேலை செய்தது. அடுத்த சுற்றில் என்னைச் சுட விட்டார்கள். வழக்கம்போலக் கண்ணை மூடி ஆறு வெடி வைத்தேன். என் காகிதத்தில் இரண்டு ஓட்டைதான் இருந்தன. பெரிய துரையின் காகிதத்தில் ஏழு இருந்தன. ஆறு, தட்டைத் தலைத் தோட்டா போட்ட சுத்தமான வட்டங்கள். ஏழாவது ஓரம் கிழிந்த ஓட்டை. அது யாருடையது என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். ஓட்டை ஆறுக்கு மேல் போனதால் விதிப்படி அவருடைய சிறந்த புள்ளியைக் கழித்தார்கள், எங்கள் தோட்டம் கடைசி இடத்துக்குப் போயிற்று. பெரிய துரை பரவாயில்லை என்று மட்டும் சொன்னார்.

பங்களாவுக்கு வந்ததும் நிரோஷா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எனக்கு சிங்களம் விளங்கும்னு மறந்துட்டீங்களா? இல்ல, விளங்கினாலும் பரவாயில்லன்னு நெனச்சீங்களா?”

இரண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த வருடம் பெரிய துரை கீழ்ப் பிரிவுச் சின்னத்துரையைக் கூட்டிப் போனார். நான் சுட்ட லட்சணத்துக்கு அது நியாயம் என்று நினைத்துக்கொண்டேன். ரிவோல்வரையும் முறைப்படி பொலிசில் ஒப்படைத்தேன். வீட்டில்தான் அந்தச் சந்தனப் பேச்சு ஓயவில்லை. பால் பொங்கி வழிந்தாலும், மின்சாரம் போனாலும், கூரை ஒழுகினாலும் நிரோஷா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, “நான்தான் வச்சேன், அவரு வேணாம்னுதான் சொன்னாரு” என்பாள். எங்கள் மகள் பேசப் பழகியதே அந்த வரியில்தான்.

போன வருடம், ஓய்வு பெற்று கேகாலையில் இருக்கும் பெரிய துரை எங்களையும் பழைய துரைமார் சிலரையும் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பேச்சு எப்படியோ அந்தப் போட்டிக்கு வந்தது. டீச்சர் வைத்த சந்தனம் என்று யாரோ ஆரம்பிக்க, மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நிரோஷாவும் சிரித்தாள். ஒன்பது வருடமாக அந்தக் கதை அவள் பேரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தேன்.

“அது அவ இல்ல சேர். நான்தான் வச்சேன்.”

பெரிய துரை சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

“தெரியுமே. அன்னைக்கு ஒங்க நகத்துக்குள்ள எல்லாம் மஞ்சளும் செவப்புமா இருந்துச்சு. ஊசிய நீட்டினப்ப டீச்சர் கை சுத்தமா இருந்துச்சு. சுடுறதுக்கு ஒங்கள பழக்கிறலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் கூப்பிட மனசு வரல.”

பருப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டே நிரோஷா சொன்னாள்: “அந்த நகத்துலயும் நான்தான் பூசிவிட்டேன்னு சொல்லிருங்க.”

மேசை அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தட்டைப் பார்த்துக்கொண்டு.

நேற்று மகள் வர்ணப் போத்தலைச் சுவரோரம் கவிழ்த்துவிட்டாள். யார் செய்தது என்று அதட்டினேன். இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பாக வைத்துக்கொண்டு, என் கண்ணை நேராகப் பார்த்து, “அம்மாதான்” என்றாள். நான் துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தேன்.