இரண்டாவது ஆம்புலன்ஸ் வேண்டாம்

சாலாக் செலாத்தான்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மருமகள் இந்துஜாவுக்கு,

தியாகராசா மாமா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க நான் முருகனை வேண்டுகிறேன். மார்க்கிரட் மாமி அவளுடைய மாதாவை வேண்டுகிறாள். எனக்கு நெஞ்சுவலி வந்து போய்விட்டது. வாயுதானாம், பயப்படாதே.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வட்டாரத்துக்கு இரண்டாவது ஆம்புலன்ஸ் வாங்கப் பணம் ஒதுக்குவதா என்று நீ இருக்கிற நிதிக் குழு அடுத்த வாரம் முடிவு செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஒதுக்காதே. இருக்கிற ஒன்றையே ஒழுங்காக ஓட்டத் தெரியாதவர்களுக்கு இன்னொன்று எதற்கு? திங்கட்கிழமை காலை 8.14-க்கு மாமி போன் போட்டாள். நான் மருத்துவமனை சேர்ந்தது 9.11. ஐம்பத்தேழு நிமிடம்! முப்பத்தைந்து வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான், மணி பார்க்கத் தெரியும்.

வண்டி 8.23-க்கே வாசலில் வந்து சைரன் போட்டது உண்மைதான். வந்தால் போதுமா, உள்ளே வர வேண்டாமா? திருட்டுப் பயத்துக்காக கேட்டில் மூன்று பூட்டு போட்டிருக்கிறேன். சாவியை யாருக்கும் தெரியாத இடத்தில் வைத்திருந்தேன், அந்த இடம் வலியில் எனக்கும் ஞாபகம் வரவில்லை. மாமி அதை அரிசி டின்னிலிருந்து கண்டுபிடித்து எடுப்பதற்குள், டிரைவர் வாசு என்பவன் “அங்கிள், மதில் ஏறி வரட்டா?” என்று கத்துகிறான், மதில் மேல் கண்ணாடித் துண்டு பதித்திருக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டே எச்சரித்தேன், அதற்கு ஒரு நன்றி கிடையாது. உள்ளே வந்தவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு கிடந்த என்னை அப்படியே தூக்கப் பார்த்தான். சாரத்தோடு போய்ப் பெரிய டாக்டர் முன்னால் படுப்பதா? கால்சட்டை மாற்றிக்கொண்டு, 1998 முதல் சேர்த்து வைத்த மருத்துவ ஃபைலை அலமாரி மேலிருந்து இறக்கச் சொன்னேன். மாமி வேறு, “வந்த பிள்ளைகள் வெறும் வயித்தோட போகக்கூடாது, ஒரு வாய் மைலோ குடிச்சிட்டுப் போங்கோ” என்று மூன்று கோப்பை கலக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எல்லாம் முடிய 8.46. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம் என்று இவர்களுக்கு ட்ரெய்னிங்கில் சொல்லிக்கொடுப்பதில்லை போலிருக்கிறது. நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். “பாஸ், நெஞ்சு வலிக்கெல்லாம் நேரம் பாக்க முடியாது லா” என்றான் வாசு. வலி வந்த நேரத்துக்கு நான் பொறுப்பில்லை, வீட்டைவிட்டுப் புறப்படும் நேரத்துக்கு நான்தான் பொறுப்பு என்றேன். சரியாக 9.00-க்குக் கிளம்பினோம்.

ஆகவே என் பெயரைச் சொல்லியே அந்தப் பணத்தை நிறுத்து. தெருக்காரர்கள் பதினெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன்.

எல்லா வளமும் பெற்று இருவரும் நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா தியாகராசா.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பக்கத்து வீட்டு கொர்னேலியஸ் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர் மனைவி சூசன் போன் போட்டுவிட்டு, கேட்டை விரியத் திறந்து வைத்து ரோட்டிலேயே நின்றாள். நான் கடிகாரத்தோடு நின்றேன். வண்டி வர நாற்பத்தொரு நிமிடம். அவ்வளவு நேரமும் அவர் அலறியது என் வீட்டு ஹால் வரை கேட்டது. வாசுவைப் பிடித்து ஏன் லேட் என்று கேட்டேன். “இருக்கிறதே ஒரு வண்டி, அங்கிள். வேற வீட்ல ஒரு பெரியவரு, காப்பார் ஊர்லேர்ந்து மக வந்தாத்தான் ஏறுவேன்னு உட்கார்ந்துட்டாரு” என்றான். என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். திங்கட்கிழமை அதே வண்டியை நான் முப்பத்தேழு நிமிடம் நிறுத்தி வைத்தேன். அப்போது யார் வீட்டில் யார் அலறிக்கொண்டிருந்தார்களோ, அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. கையெழுத்துத் தாளைக் கிழித்துவிட்டேன். இரண்டாவது வண்டியை எப்படியாவது வாங்கிக் கொடு பிள்ளை.