நீலப் பட்டை

ஆசிரியர் அறைச் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்ததும் அரைமார்க்குக்கு வாயிலிருந்த டீ கசந்துபோயிற்று.

அதில் இரண்டே பட்டைகள். சிவப்புப் பட்டை தாளின் முக்கால் உயரத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அது பக்கத்து மேஜைக்காரருடையது. நீலப் பட்டை தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அது இவருடையது.

இருவரும் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார்கள். 'அரைமார்க்' என்பது மாணவர்கள் வைத்த பெயர். வரைபடம் போட்டுவிட்டு அது எதன் அளவு என்று ஓரத்தில் எழுதாமல் விட்டால் ஈவிரக்கமில்லாமல் அரை மார்க் வெட்டிவிடுவார். பக்கத்து மேஜைக்காரருக்குப் பெயர் 'பல்வரிசை'. நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே சிரிப்புதான் அவருக்கு.

பட்டைகள் வந்தது ஓர் ஆராய்ச்சியால். வீடியோவில் பாடம் நடத்தினால் பிள்ளைகள் மண்டையில் எந்த அளவுக்கு ஏறுகிறது என்று கண்டுபிடிக்க, மடிக்கணினியும் கையுமாக ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். 'வரைபடத்தைப் படிப்பது எப்படி' என்ற ஒரே பாடத்தை இருவரும் தனித்தனியாக எடுத்து இணையதளத்தில் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு பார்க்கலாம். மாதாமாதம் ஒரு வரைபடம் வரும். கடைசியில் இருவரில் ஒருவர் புதிய இணையவழிப் பாட மையத்துக்குத் தலைவர்.

மையத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை உண்டு. இத்தனை வருஷமாகத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் முழங்கையெல்லாம் மேலே பட உட்கார்ந்திருந்த அரைமார்க், அந்தக் கதவில் தன் பெயர்ப் பலகை எங்கே தொங்கும் என்பது வரை முடிவு செய்து வைத்திருந்தார். மனைவியிடம் சொல்லி, மனைவி தன் தங்கையிடம் சொல்லி, குடும்பத்துக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது.

"என்ன சார், உங்க பட்டை இப்படி வளர்ந்திருக்கு?" என்றார் அரைமார்க், சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"அட, அதை ஏன் சார் கேக்கறீங்க? எனக்கே வெட்கமா இருக்கு," என்றார் பல்வரிசை. "உங்க அளவுக்கு நமக்கு வருமா?"

அடப்பாவி, முகத்துக்கு நேராகவே குத்திக் காட்டுகிறானே! அரைமார்க் டீயை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு வகுப்புக்குப் போனார். அன்று வகுப்பில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோருக்கும் அரை மார்க் போயிற்று.

வீட்டில் மாமனார் கண் ஆபரேஷன் முடிந்து வந்து தங்கியிருந்தார். கருப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக ஹால் சோபாவில் சாய்ந்திருப்பார். புதுக் கண்ணாடி வரும்வரை எதையும் படிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. டிவியைக் காதால் கேட்பது ஒன்றுதான் பொழுதுபோக்கு.

"அவன் பாடத்துல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்," என்று பல்வரிசையின் வீடியோவைத் திறந்தார் அரைமார்க்.

பார்த்தார். பின்னணியில் இசை ஓடியது. மனிதர் படபடவென்று பேசினார். நாலு படியைத் தாண்டி ஐந்தாவது படிக்குக் குதித்தார். நடுவில் ஒரு ஜோக் சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

"ஒண்ணுமே புரியலையே," என்றாள் மனைவி.

"அதான் ரகசியம். நான் ஒவ்வொண்ணா எடுத்து வச்சு, நிறுத்தி நிதானமா சொல்லிக்கிட்டிருக்கேன். எவன் பார்ப்பான்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாடத்தைப் புதிதாக எடுத்தார். கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டார். மேலே இரண்டு பொத்தான்தான் ஒத்துழைத்தது. கதவு மணியோசை மாதிரி ஓர் இசையைப் போட்டார். முதல் வாக்கியத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. 'வரைபடத்தைக் கண்டால் முதலில் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்' என்று பழையபடியே ஆரம்பித்தார். அதற்கப்புறம் பிடித்த ஓட்டம் நிற்கவே இல்லை.

ஒன்பதாவது படிக்கிற மகள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அப்பா, பழசு நல்லாப் புரிஞ்சுதே. இதுல நீங்க எங்கேருந்து எங்க போறீங்கன்னே தெரியல."

"புரியறதா முக்கியம்? பட்டைதான் முக்கியம்."

சும்மா சொல்லக் கூடாது, பலன் தெரிந்தது. அடுத்த மாத வரைபடத்தில் நீலப் பட்டை பாதித் தாளுக்கு எழுந்துவிட்டது. அரைமார்க்குக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வாளர் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"சார், பாடத்துல ஏதாவது மாத்தினீங்களா?"

"எல்லாத்தையும் மாத்திட்டேன் மேடம்!"

"ஏன் சார்?"

"வளரணும் இல்லையா?"

ஆய்வாளர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அசந்துபோய்விட்டார் என்று அரைமார்க் எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் சிவப்புப் பட்டை கொஞ்சம் இறங்கியிருந்தும், நீலத்தைவிட இன்னும் ஒரு விரல்கடை உயரமாகத்தான் இருந்தது. அந்த ஒரு விரல்கடை அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. சோறு இறங்கவில்லை. பல்வரிசை தூரத்தில் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று பட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த மனிதருக்கு ஒரு பல்வலியாவது வராதா என்று கூட நினைத்துக்கொண்டார்.

பல்வலி வரவில்லை. வேறு யோசனை வந்தது.

மனைவியின் பெயரைப் பதிவு செய்தார். மகள் பெயர், மாமனார் பெயர், மேல் வீட்டுக்காரர் பெயர் எல்லாவற்றையும் பதிவு செய்தார். இருக்கிற போன் அத்தனையிலும் பாடத்தை ஓடவிட்டார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. டிவியிலும் அதே கோட்டு, அதே மணியோசை.

"மாப்பிள்ளை, செய்தி கொஞ்சம் வைக்கலாமா?" என்றார் மாமனார்.

"பாடம் முடியட்டும் மாமா."

"அது முடியறதே இல்லையே!"

மணியோசையை நிஜமென்று நம்பி மனைவி அடிக்கொரு தரம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். நிஜமாகவே ஆள் வந்தபோது திறக்கவில்லை. வந்தவள் அவள் தங்கை. வெளியில் நின்று போன் போட்டிருக்கிறாள், போனில் பாடம் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

"என் தங்கச்சியை வாசலோட அனுப்பிட்டீங்க. உங்களுக்கு அந்த ஆளைவிடப் பெரிய பட்டை வேணும், அவ்வளவுதானே?" மனைவியின் கண் கலங்கிவிட்டது.

"கண்ணாடிக் கதவு வந்ததும் உன் தங்கச்சியை நானே போய் அழைச்சுட்டு வரேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

மகளுக்குப் பரீட்சை. "அப்பா, என் போனையாவது குடுங்க, அதுலதான் நோட்ஸ் இருக்கு," என்று கெஞ்சினாள். அரைமார்க் அவளுக்கு ஒரு பழைய பாடப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனை வைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் பல்வரிசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன் சார். முதல் மாசம் உங்க பட்டையைப் பார்த்துட்டு எனக்கு ஒரே பொறாமை. உங்க பழைய வீடியோவையே பார்த்துப் பார்த்து என் பாடத்தை மொத்தமா திருத்தி எடுத்துட்டேன். தப்பா நினைக்காதீங்க."

தரையோடு கிடந்த பட்டையைப் பார்த்துப் பொறாமையாம்! நக்கலுக்கும் ஓர் அளவு வேண்டாமா? அரைமார்க் விடைத்தாள் கட்டைப் பிரித்தார்.

கடைசி வரைபடம் வந்தது. நீலப் பட்டை தாளின் உச்சியை முட்டிக்கொண்டு நின்றது. சிவப்பு சுருங்கிச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. என் பழைய பாடத்தைக் காப்பியடித்தாய் அல்லவா, நன்றாக வேண்டும்! அரைமார்க்குக்கு ஆசிரியர் அறை மேஜைமேல் ஏறி ஆட வேண்டும் போலிருந்தது.

பல்வரிசை ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எல்லாம் உங்களால வந்தது சார். நாளைக்கு அறிவிக்கும்போது நீங்க முன்வரிசையில இருக்கணும்."

பாவம், தோல்வியில் மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டது. முதன்முறையாக அரைமார்க்குக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வராந்தாவில் கல்லூரி முதல்வர் எதிர்ப்பட்டார். தோளில் கைவைத்து, "உடம்பு நல்லா இருக்கா? வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"ஒரு பிரச்சனையும் இல்ல சார். வீடே கொண்டாட்டமா இருக்கு."

"கொண்டாட்டமா?" முதல்வர் தோளிலிருந்து கையை எடுத்தார். "சரி, நாளைக்கு மீட்டிங்குக்குக் கட்டாயம் வந்துடுங்க. உங்களைப் பத்திதான் பேச்சு."

வரைபடத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பெரிய கேக் ஒன்றும் வாங்கிக்கொண்டு அரைமார்க் வீட்டுக்குப் போனார். போன்களையெல்லாம் அவரவர்க்குத் திருப்பிக் கொடுத்தார். டிவியை அணைத்தார். பல நாளைக்கப்புறம் வீடு அமைதியானது. மனைவி கூடக் கொஞ்சம் சிரித்தாள்.

"நாளைக்கே உன் தங்கச்சிக்குப் போன் போடு. மையத்தோட தலைவர் பேசறார்னு சொல்லு," என்றார்.

அன்றுதான் மாமனாருக்குப் புதுக் கண்ணாடி வந்திருந்தது. இத்தனை நாள் பட்டினி கிடந்த கண், அகப்பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தது. மருந்து டப்பாவைப் படித்தார், கேக் பெட்டியைப் படித்தார், அதைக் கட்டியிருந்த நாடாவில் இருந்த கடை விலாசத்தையும் விடவில்லை.

"இதைப் பாருங்க மாமா!" அரைமார்க் வரைபடத்தை அவர் கையில் கொடுத்தார். "இந்த நீலம் யாருன்னு நினைக்கறீங்க? உங்க மாப்பிள்ளை! எங்க நிக்குது பாருங்க! அந்தப் பல்வரிசையோட சிவப்பைத் தேடித்தான் பிடிக்கணும்."

மாமனார் பட்டையைப் பார்க்கவில்லை. தாளைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததை விரலை வைத்து நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார்.

"'ஒரு தடவையில் புரியாமல் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்'னு போட்டிருக்கே மாப்பிள்ளை... முதல்ல ஓரத்தைப் படிங்க, ஓரத்தைப் படிங்கன்னு நீங்கதானே டிவியில உயிரை வாங்கினீங்க, அதான் படிச்சேன். ஆமா, அதைப் படிக்காதவங்களுக்கு நீங்க வெறும் அரை மார்க்தான் குறைப்பீங்களா?"