மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச்

எதையும் முழுதாகப் படிக்காமல் 'சரி' என்று சொல்லிவிடுவது என் பிறவிக் குணம். (கல்யாணத்துக்கும் அப்படித்தான் தலையாட்டினேன் என்பது மனைவி மேரியின் கட்சி.)

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் அப்போது எனக்கு ஆறாவது மாதம். வேலை நிரந்தரமாக மேலாளர் ஸ்டெல்லா மேடத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சர்வர்களையும் தகவல் சேமிக்கும் பெட்டியையும் இணைக்கிற ஸ்விட்ச்சில், ஒரே போர்ட் என்கிற இணைப்பு வாசல் வழியாகப் பல சர்வர்கள் தனித்தனிப் பெயரோடு போய்வர வழிசெய்ய வேண்டும். "அரை மணி நேர வேலை மேடம்" என்று பீற்றிக்கொண்டேன்.

அதற்குச் சாதுவான வழி ஒன்று உண்டு. நானோ ஸ்விட்ச்சின் சுபாவத்தையே மாற்றும் இன்னொரு வழியில், ஆழம் தெரியாமல் காலை விட்டேன். 'இதுவரை செய்த அமைப்பெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?' என்று ஸ்விட்ச் மரியாதையாகத்தான் கேட்டது. குணப்படி 'சரி' என்றேன்.

ஸ்விட்ச் அணைந்து, எல்லாவற்றையும் மறந்து எழுந்தது. பில் அடிக்கும் கணினிகள் நின்றுபோயின. பிரதி எடுக்காமலில்லை, சமர்த்தாக எடுத்திருந்தேன். அந்த ஸ்விட்ச்சைத் தாண்டினால் மட்டுமே கிடைக்கும் அதே சேமிப்புப் பெட்டியில்! வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

லாரி டிரைவர் ஒருவர் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். "இன்னா சார், பில்லு வருமா வராதா? காலைலேர்ந்து கேட்டாண்ட குந்திகினு கீறேன்."

ஸ்டெல்லா மேடம் கத்தவில்லை. "மொத மாசமே ஸ்விட்ச் செட்டிங்க எல்லாம் பிரிண்ட் எடுத்து வைக்கச் சொன்னேனே அந்தோணி, அது எங்க?"

பிரிண்டை அப்போதே எடுத்தேன். 'இந்தக் காலத்தில் காகிதமா' என்று சிரித்து, சேக்காட்டில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மேரி அதைச் சமையலறை அலமாரியில் விரித்து டப்பாக்களை அடுக்கிவிட்டாள்.

கேமரா போனை ஆலைக்குள் விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். லேண்ட்லைனில் கூப்பிட்டேன்.

"மேரி, மிளகாய்த்தூள் டப்பாவத் தூக்கு. அடியில என்ன எழுதியிருக்கு?"

"ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"என் வேலையே அதுக்கடியிலதான் இருக்கு. படிம்மா!"

படித்தாள். டப்பா டப்பாவாகத் தூக்கி, ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். நான் திரும்பச் சொல்லச் சொல்ல, ஸ்டெல்லா மேடம் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டார்.

"அஞ்சு, சைபர், அப்புறம் எண்ணெய்க் கறைங்க. எட்டுன்னு நினைக்கிறேன். துவரம்பருப்புக்குப் போகட்டா?"

ஸ்விட்ச்சைப் பழைய நிலைக்குத் திருப்பி, எல்லாவற்றையும் அடித்தேன். ஒரு சர்வர் மட்டும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மேரி கறையைத் துடைத்து, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஆறுங்க!" மாற்றியதும் எழுந்தது. டிரைவர் பில்லோடு கிளம்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஸ்டெல்லா மேடம் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இனிமே ரெண்டு பிரிண்ட் எடு. ஒண்ணு என் பீரோவுக்கு, ஒண்ணு மேரிக்கு" என்றார்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். அந்தத் தாள்களை மட்டும் மேரி மாற்றுவதில்லை. விருந்தாளிகளைக் கூட்டிப்போய் டப்பாவைத் தூக்கிக் காட்டுகிறாள்: "இவரு சம்பளம் இதுலதாங்க நிக்குது."

(படிக்காமல் நான் சொன்ன 'சரி'களில் கல்யாணம் ஒன்றுதான் உருப்பட்டது.)