வானத்திலிருந்து குதிப்பதாக வாய்விட்டேன்

நான் வானத்திலிருந்து குதிப்பதென்று முடிவு செய்தேன். அதாவது, முடிவு செய்துவிட்டதாகச் சொன்னேன். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் இருக்கிறதே, அது விமானத்துக்கும் தரைக்கும் இருக்கிற தூரத்தைவிடப் பெரியது.

எனக்குத் தொழில் பல் கட்டுவது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல்செட் செய்து கொடுப்பேன். ஊருக்கே பல் கட்டுகிறவன், வீட்டில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவன். நாற்காலியில் ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே என் முழங்கால்கள் ஒன்றுக்கொன்று தந்தி அடிக்கும்.

அப்படிப்பட்டவன் வாய்விட்டதற்குக் காரணம் மச்சான். என் மனைவியின் அண்ணன். ஏதோ பனிமலையில் ஏறி இறங்கிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் போன். படம் படமாகக் காட்டினார். எல்லாப் படத்திலும் அவர் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. மீதியெல்லாம் பனி. ஒவ்வொரு மூக்குக்கும் என் மனைவி, "அம்மாடி! எப்படிண்ணா!" என்று உருகினாள்.

"மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஒத்து வராது. அவருக்குக் கட்டில்லேர்ந்து இறங்குறதே மலையிறக்கம்" என்றார் மச்சான்.

மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைத் தள்ளிவிட்டது.

"மலை என்ன பெரிய மலை மச்சான்? ஆடுகூட ஏறுது. நான் பிளேன்லேர்ந்து குதிக்கக் கத்துக்கப் போறேன். வெளிநாட்டுல."

மச்சானின் கை பாதி வழியில் நின்றது. எனக்குப் பரம திருப்தி. என் கணக்கு இதுதான்: மனைவி பதறுவாள். அழுவாள். "எனக்கு யாரு இருக்கா?" என்பாள். அவள் கண்ணீருக்காக என் வீரத்தை விட்டுக்கொடுப்பேன். பிறகு ஆயுள் முழுக்க, "அன்னைக்கு மட்டும் நீ தடுக்காம இருந்தா..." என்று சொல்லிக் காட்டலாம். குதிக்காமலே குதித்த பெருமை.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"சொன்னா சொன்னதுதான்."

"சரி, கத்துக்கங்க."

என் தொண்டையில் கவளம் அப்படியே நின்றுவிட்டது. மச்சான் முதுகில் தட்டித்தான் இறங்கியது.

பரவாயில்லை, செலவைக் காட்டிப் பயமுறுத்துவோம் என்று மறுநாள் ஒரு பள்ளியைப் பிடித்தேன். கடற்கரை, அரண்மனை மாதிரி ஓட்டல், குதிக்கும்போது கூடவே குதித்துப் படம் பிடிக்க ஒரு ஆள். விலையைப் பார்த்து எனக்கே மயக்கம் வந்தது.

"இது வேணாங்க" என்றாள்.

"ரொம்ப விலையோ?" என்றேன், ஆவலை அடக்கிக்கொண்டு.

"விலை கெடக்கட்டும். அங்க கத்துத் தர மாட்டாங்க. வாத்தியார் வயித்தோட உங்களைச் சேத்துக் கட்டி, மூட்டை மாதிரி இறக்கி, போட்டோ குடுத்து அனுப்பிடுவாங்க. நீங்க கத்துக்கணும்னுதானே சொன்னீங்க?"

வாயை வாடகைக்கு விட்டிருந்தால்கூட இத்தனை நஷ்டம் வந்திருக்காது.

அடுத்து நேர் எதிராகப் போனேன். படுமலிவாக ஒரு இடம். இதைப் பார்த்தாவது தடுப்பாள் என்று நினைத்தேன்.

"இங்கயும் வேணாம். பேசிப் பாத்தேன்" என்றாள். "பாராசூட்டை யாரு மடிக்கிறாங்கன்னு கேட்டேன், பதிலே இல்ல. ஆளு மயங்கிட்டா ரெண்டாவது பாராசூட்டு தானாத் திறக்கிற கருவி இருக்கான்னு கேட்டேன். இதுவரைக்கும் எங்க மேல யாரும் புகார் சொன்னதில்லைன்னாங்க."

"நல்ல விஷயம்தானே?"

"புகார் சொல்ல ஆளு உசுரோட திரும்பி வரணும்லங்க?"

இரவில் எனக்குத் தூக்கம் போயிற்று. அவளுக்கோ பொழுது போதவில்லை. கடல் கடந்த பள்ளிகளையெல்லாம் போனில் பிடித்து, பெண் கொடுக்கப் போகிறவள் மாதிரி குலம் கோத்திரம் விசாரித்தாள். வாத்தியாருக்கு உரிமம் உண்டா, ஒரு மாணவனுக்கு எத்தனை வாத்தியார், வானிலை கெட்டால் காத்திருக்கத் தங்க இடம் உண்டா, உடுப்பு வாடகை தனியா சேர்த்தா. கடைசியில் ஒரு நாட்டில், வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன விமானத் திடலைக் கண்டுபிடித்துவிட்டாள். மைதானத்திலேயே தங்கும் அறை. கூட்டமில்லாத பருவம் என்பதால் கட்டணமும் கம்மி.

"எனக்கு எது பிடிச்சுதுன்னா," என்றாள், "காத்து வேகமா இருந்தா நீங்க கால்ல விழுந்தாலும் ஏத்த மாட்டாங்களாம்."

எனக்கும் அது ஒன்றுதான் பிடித்திருந்தது.

"காப்பீடு?" என்றேன், கடைசித் துரும்பைப் பிடித்துக்கொண்டு. "இதுக்கெல்லாம் எவனும் காப்பீடு தர மாட்டான்."

அவள் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். காப்பீட்டு ஏஜென்ட். தெருவில் அவருக்குப் பெயரே பாலிசி.

"சாதாரணப் பயணக் காப்பீட்டுல இது வராதுங்க. ஆனா இதுக்குன்னே தனியா இருக்கு. நான் பாத்துக்கறேன்" என்றார் பாலிசி. போகும்போது என் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். ரயிலடியில் வழியனுப்புகிற குலுக்கல் அது.

வீட்டிலேயே பயிற்சி தொடங்கியது. ஸ்டூலில் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்து, கைகால்களை விரித்து, வில் மாதிரி பின்னால் வளைய வேண்டும். நான் வளைந்தால் ஸ்டூல் வளைந்தது. மனைவி பக்கத்து ஸ்டூலில் படுத்தாள். "சும்மா உங்களுக்குத் துணைக்கு" என்றாள். எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தோம். பயிற்சி வகுப்பில் நாங்கள் இருவர் மட்டும். வாத்தியாருக்கு நரைத்த குடுமி. துணைக்கு வந்தவர்களும் உட்காரலாமாம், அவளும் உட்கார்ந்தாள். குடுமி கேள்வியெல்லாம் அவளிடம்தான் கேட்டார். பாராசூட் முறுக்கிக்கொண்டால் என்ன செய்வாய்? கயிறு சிக்கினால்? எப்போது அதை வெட்டிவிட்டு அடுத்ததைத் திறப்பாய்? அவள் டக்டக்கென்று சொன்னாள். எனக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு மரண அறிவிப்பாகக் கேட்டது. ஒரு மாவீரனின் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார் போலும் என்று குடுமியை மன்னித்தேன்.

முதல் நாள் காற்று. என் மனதில் கொண்டாட்டம், முகத்தில் துக்கம். மறுநாள் மழை. "அடடா!" என்று மேஜையைக் குத்தினேன். அதற்கடுத்த காலை ஜன்னலைத் திறந்தேன். ஓர் இலை அசையவில்லை. வானம் துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருந்தது. திடலில் விமானம் உறுமிக்கொண்டிருந்தது.

குடுமி ஓர் உடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்தேன். என் ஒரு தொடைக்குத்தான் போதும்.

"இது எனக்குப் பத்தாதே!" என்றேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. மனைவியை வேலிப் பக்கம் இழுத்துப் போனேன்.

"இந்தா பாரு. என்னால முடியாது. பயமா இருக்கு. நீ தடுப்பேன்னு நெனச்சுத்தான் அன்னைக்குச் சொன்னேன். செத்துருவேன்டி!"

அவள் திட்டவில்லை. என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"சரி விடுங்க. வந்தது வந்தாச்சு. நான் போறேன்."

"நீயா?"

உடுப்பை வாங்கிப் போட்டுக்கொண்டாள். தைத்து வைத்ததுபோல் பொருந்தியது. அப்போதும் என் மரமண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை. விமானத்தில் ஏறிக் கையசைத்தாள். விமானம் போய்விட்டது.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. அதுவரை பட்டதெல்லாம் வெறும் ஒத்திகை. அண்ணாந்து பார்த்தேன். விமானம் ஒரு கொசு. கொசுவிலிருந்து மூன்று புள்ளிகள் உதிர்ந்தன. நடுவில் அவள், இரண்டு பக்கமும் வாத்தியார்கள். புள்ளிகள் விழுந்தன. விழுந்துகொண்டே இருந்தன. எதுவும் விரியவில்லை. என் மானத்தைக் காப்பாற்றப் போனவள் அங்கே விழுந்துகொண்டிருந்தாள். வேலிக் கம்பி என் உள்ளங்கையில் பதிந்தது தெரியவில்லை. "தெறடி! தெறந்துடுடி! இனிமே ஜென்மத்துக்கும் வாயைத் தெறக்க மாட்டேன், நீ அதை மட்டும் தெறந்துடு!" என்று கத்தினேன்.

வானத்தில் ஒரு மஞ்சள் கீற்று. அது நீண்டது, படபடத்தது, பிறகு பட்டென்று குடையாக விரிந்தது. புல்லில் உட்கார்ந்து அழுதேன்.

அவள் மிதந்து வந்தாள். தரையைத் தொட்டு, தடுமாறி, பின்பக்கமாக உட்கார்ந்து, எழுந்து நின்று வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"எனக்காக உயிரைப் பணயம் வெச்சுட்டியேடி!"

அவள் எங்கேயோ பார்த்தாள். அப்போது குடுமி வந்து, அவள் கையைக் குலுக்கி, என் காதில் விழாதபடி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன சொல்றாரு?"

"நாளைக்கு ரெண்டாவது குதிப்பாம். நல்லாப் பண்ணினா கடைசில தனியா விடுவாங்களாம்."

"ரெண்டாவதா? யாருக்கு?"

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. கோர்ஸே என் பேர்லதான். துணைக்கு வந்தது நீங்க." தலைக்கவசத்தைக் கழற்றினாள். "நீச்சல் கத்துக்கறேன்னேன், சளி பிடிக்கும்னீங்க. சைக்கிள் கத்துக்கறேன்னேன், விழுந்துருவேன்னீங்க. பிளேன்லேர்ந்து குதிக்கறேன்னா விட்டிருப்பீங்களா? நீங்களா வாயைத் தெறந்தீங்க. நான் அப்படியே புடிச்சுக்கிட்டேன்."

"அப்ப... நான் மனசு மாறி, குதிக்கிறேன்னு நின்னிருந்தா?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு அதுதான் பதில்.

மூச்சை இழுத்துக்கொண்டேன். இவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்கிறாள். புருஷன் என்று கொஞ்சமாவது மதித்திருக்க மாட்டாளா?

"அப்ப என் பேர்ல ஒண்ணுமே கட்டலையா?"

"அதெப்படிங்க கட்டாம இருப்பேன்?" என்றாள், பதறிப்போய்.

என் நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. "என்ன கட்டின?"

"மத்தியானச் சாப்பாடு."