புரட்டாசி விரதம் இருந்த விரால் மீன்கள்

வயது ஏற ஏற, ஒருவரைக் கேட்டுச் செய்வது கௌரவக் குறைச்சலாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. எனக்கு அந்தக் கௌரவம் கொஞ்சம் அதிகம். அதனால்தான் மீன்களைப் புரட்டாசி விரதம் இருக்க வைத்தேன்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தொட்டிகளில் மருமகள் செல்வி விரால் குஞ்சு வளர்க்கிறாள். என் மகன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியோடு வடக்கே போனால் மாசக்கணக்கில் வரமாட்டான்; எல்லாம் அவள் பொறுப்புதான். அப்போது இருந்தவை அவள் முதல் தடவையாக விட்ட குஞ்சுகள். ஐப்பசியில் மேட்டூரிலிருந்து ஒருவர் வந்து மொத்தமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அது நல்லபடியாக முடிந்தால்தான் சொந்தக்காரர்கள் முன்னால் அவள் தலை நிமிர முடியும்.

தீவனத்தில் ஒரு பழுப்புக் கரைசலைப் பிசறுவாள். மீன் தலை, குடல் எல்லாவற்றையும் அரைத்து, பப்பாளிக்காய்ப் பால் சேர்த்து, பதமான சூட்டில் வைத்தால் சதை கரைந்து சாறாகிவிடும். "புரதம் பொடிப்பொடியா ஒடைஞ்சிருமுங்க அத்தை. குஞ்சுக்குச் சுளுவாச் செரிக்கும். அந்த வாசத்துக்குத்தான் தீவனத்துக்கிட்டயே வரும்" என்பாள். (எனக்கும் அந்த வாசம் வந்தது. நான் தோட்டத்து மறுகோடிக்குப் போனேன்.)

புரட்டாசி பிறந்ததும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தம்மம்பட்டிக்குக் கிளம்பினாள். "கரைசலை மட்டும் உட்டுறாதீங்க அத்தை" என்றாள்.

"எனக்குத் தெரியும். நீ போயிட்டு வா சாமி" என்றேன்.

எங்கள் வீட்டில் புரட்டாசியில் முட்டை ஓடுகூட வாசல் தாண்டாது. விளக்கேற்றிய கையால் மீன் குடல் சாற்றைப் பிசறுவதா? கரைசல் கேனை இறுக மூடி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைத்தேன். வாளியை மஞ்சள் தண்ணீரில் கழுவினேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து உருண்டை பிடித்துப் போட்டேன். மாடு இதைத் தின்றுதானே பால் கறக்கிறது, மீன் என்ன மாட்டைவிட உசத்தியா?

உருண்டைகள் அப்படியே கிடந்தன. ஆனாலும் சில குஞ்சுகள் நன்றாகக் கொழுத்து வந்தன. விரதத்தின் பலன் என்று நினைத்தேன். (நினைத்ததோடு நின்றிருக்கலாம். பால் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.)

போகப்போகத் தொட்டியில் கூட்டம் குறைந்தது. மேலே கட்டிய வலை கிழியவில்லை, கொக்கும் இறங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் என் கொழுந்தனார் ஒருவர்தான். வேலியோரம் நின்று, நாலு பேர் காதில் விழும்படி கேட்டேன்.

"ஏனப்பா, புரட்டாசியிலகூட மீன் கொழம்பு இல்லாம சோறு எறங்காதா உனக்கு?"

"நானுங்களா நங்கை?" என்றார். (எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம்.) "நான் கவிச்சியை உட்டு வருசமாச்சுங்க."

"உட்டவன் மொகத்துல இத்தனை மினுமினுப்பு ஏது?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

செல்வி திரும்பி வந்த அன்று, நியாயம் கேட்க அவரும் வந்து தொட்டியோரம் நின்றார். நான் முந்திக்கொண்டேன். "திருடு போனது போக மிச்சத்தைப் பாரு அம்மிணி. மாசம் பூராச் சுத்த சைவம். எப்படிக் கொழுத்திருக்குது பாரு."

செல்வி கைவலையால் ஒரு கொழுத்த குஞ்சை அள்ளி என் முன்னால் நீட்டினாள். அதன் வாயிலிருந்து இன்னொரு குஞ்சின் வால் தொங்கியது.

"பசிச்சா விரால் கூடப் பொறந்ததையே தின்னுருமுங்க அத்தை" என்றாள் மெதுவாக.

கொழுந்தனார் எட்டிப் பார்த்தார். "திருடன் கெடைச்சுட்டானுங்க நங்கை. வாயில சாமானோட."

சிரித்தது அவர் மட்டும்தான். செல்வி மேட்டூர்க்காரருக்குப் போன் போட்டாள். "இந்தத் தடவை குஞ்சு இல்லீங்க. எங்கூட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சுங்க" என்றாள். யார் செய்தது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். சொல்லாமல் விட்டாள், எனக்கு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

மிஞ்சியதில் பெரியதற்கு 'சாமியார்' என்று பெயர் வைத்தாள். இப்போது புரட்டாசிக் காலையில் நானே கரைசலைப் பிசறிப் போட்டுவிட்டு, அப்புறம் தலைக்கு ஊற்றிக்கொண்டு விளக்கேற்றுகிறேன். வேலிக்கு அப்பாலிருந்து வருஷம் தவறாமல் குரல் வரும்.

"நங்கை, சாமியார் இன்னைக்கு விரதமுங்களா?"

நான் ஒரு சொம்பு மோரை வேலியோரம் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.