செய்யாற்று மணலில் சிக்கிய மாப்பிள்ளை வேன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் எங்கள் ஊரான பெருநகரில் செங்கல் சூளை போட்டேன், அரிசி மில் வைத்தேன், மாடி வீடு கட்டினேன், மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். கைகொடுத்தவன் எவனும் கிடையாது. (இருந்தால் என் முன்னால் வந்து நிற்கட்டும், பார்ப்போம்.)

இவ்வளவும் உடம்பால் மட்டுமே வந்தது என்று ஒரு காலத்தில் நம்பினேன். எங்கள் பக்கத்துப் பேச்சும் அப்படி. உடம்பு வேலைக்கு எத்தனை வார்த்தை! மூட்டை தூக்கினால் பெண்டு நிமிரும், ஏர் ஓட்டினால் தாவு தீரும், கிணறு தோண்டினால் நாக்குத் தள்ளும். தலைக்குள் நடக்கிற வேலைக்கு ஒரே வார்த்தை, ரோசனை. அதையும் திட்டுவதற்குத்தான் வைத்திருந்தோம். சூளையில் எவனாவது சும்மா நின்றால், "இன்னாடா ரோசன பண்ணிக்கினு கீற?" என்பேன். சோம்பேறி, கல்லைத் தூக்கு என்று அர்த்தம்.

இந்த மேதாவிதான் தொண்ணூறுகளின் நடுவில், கடைசித் தங்கை கல்யாணத்தன்று, அக்கரையிலிருந்து மாப்பிள்ளையை அழைத்துவரப் போனான். ஒன்பது மணிக்குள் தாலி கட்டியாக வேண்டும். வைகாசி மாதம், செய்யாறு வெறும் மணலாகக் கிடந்தது.

"பாலத்து வழியா சுத்திக்கினு போயிடலாம்ணா" என்றார் வேன் டிரைவர்.

"இந்த மணல்ல எத்தினி லோடு மாட்டு வண்டி ஓட்டினவன் தெரியுமா நானு? எறக்குய்யா!"

நட்டாற்றில் வேன் உட்கார்ந்துவிட்டது. மணி ஏழரை.

மாப்பிள்ளையைத் தவிர ஆண்கள் எல்லோரையும் இறக்கித் தள்ளவிட்டேன். "மூச்சப் புடி! முக்கு! இன்னொரு முக்கு!" டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, வாரி அடித்த மணலில் சம்பந்தியின் நெற்றித் திருநீறு காணாமல் போனது.

"சக்கரம் பொதையுதுண்ணா. கொஞ்சம் ரோசன பண்ணி…"

"ரோசன பண்றதுக்கு நீ இன்னா கலெக்டரா? மிதிய்யா!"

கடைசியில் மாப்பிள்ளையையும் மாலையோடு தள்ள விட்டேன். அவருடைய அம்மா வேனுக்குள்ளிருந்தே கத்தினார். "ஏம்ப்பா, எம் புள்ளய தாலி கட்ட இட்டுனு போறியா, மண்ணு வார இட்டுனு போறியா?"

அடுத்து, தாம்புக்கயிற்றைப் பம்பரில் கட்டிப் பதினைந்து பேர் இழுத்தோம். டமார்! பம்பர் வந்தது, வேன் வரவில்லை. பம்பரை மார்பில் அணைத்தபடி மல்லாந்து கிடந்தேன், பிள்ளையைத் தூங்கவைக்கிறவன் மாதிரி.

சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு இருவது. ஒம்போது தாண்டிட்டா நாங்க வூட்டுக்குத் திரும்பிக்கிறோம். நேரம் தப்பிக் கட்டற தாலி எங்களுக்கு வாணாம்."

அங்கே மணக்கோலத்தில் காத்திருந்த தங்கையை நினைத்தேன்.

அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரீம் பாய் வந்தார். உத்திரமேரூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், கல்யாணத்துக்கு நான் அழைத்திருந்தவர்.

"இன்னா தம்பி, கெணறு வெட்றீங்களா?"

"போ பாய். அவனவன் தாவு தீந்துபோய் நிக்கிறான்."

பாய் வேனை ஒரு சுற்றுச் சுற்றினார். நின்றார். (ரோசனை!) பிறகு உட்கார்ந்து, பின் டயர் வால்வில் தீக்குச்சியை வைத்து அழுத்தினார். ஸ்ஸ்ஸ்…

"ஐயோ பாய்! காத்த எறக்கறியா? கீற சக்கரமும் போச்சே!"

"துபாய் மணல்ல அஞ்சு வருசம் லாரி ஓட்னவன் தம்பி நானு. காத்து கொறைஞ்சா டயரு அகலமா ஒக்காரும், பொதையாது. ஊருக்குப் போயி அடிச்சிக்கலாம். நீ மட்டும் கொஞ்ச நேரம் கத்தாம இரு."

நாலு டயரிலும் பாதிக் காற்றை விட்டார். சக்கரத்துக்கு முன்னால் கையளவு மணலை ஒதுக்கினார். "மெதுவா எடு" என்றார். வேன் வாத்து மாதிரி அசைந்து அசைந்து கரையேறிவிட்டது. பாய் நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. இன்றைக்கும் எனக்கு அதுதான் எரிச்சல்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தாலி ஏறியது.

அன்றிலிருந்து, நான் பீரோவை நகர்த்த மல்லுக்கட்டினாலும் சரி, மில்லில் ஆட்களைப் பார்த்துக் கத்தினாலும் சரி, அந்த மாப்பிள்ளை, "மச்சான், கொஞ்சம் காத்த எறக்குங்க" என்கிறார். பேரப்பிள்ளைகள்வரை பரவிவிட்டது. கல்யாணத்தை நடத்தி வைத்தவர் கரீம் பாய் என்றே கதை ஓடுகிறது.

ஒன்று கேட்கிறேன். ஒரு மணி நேரம் ஆட்டி ஆட்டி அந்த வேனை இளக்கி வைத்தது யார்? பாய் வந்தது கடைசிப் பத்து நிமிடத்துக்கு. இனி இதைச் சொல்கிறவர்கள் என் பெயரை முதலில் சொல்லுங்கள். பம்பரைக் கழற்றி வண்டியின் பாரத்தைக் குறைத்தவனும் நான்தான், அதையும் விட்டுவிடக் கூடாது.